கடலுயிர் ஆய்வுக்கு ட்ரோன்: அனுமதி விண்ணப்பம் முதல் உப்பு துடைப்பது வரை

இந்த வேலையில் ட்ரோன் ஓட்டுவதுதான் மிக எளிது. திறந்தவெளியில் இரண்டு வாரம் பழகினால் கை பழகிவிடும். காசும் காலமும் கரைவது வேறு இடங்களில். அனுமதி வருவதற்குள் விலங்குகளின் பருவம் முடிந்துவிடும். உயரத்தைச் சரியாகப் பதியாததால் எடுத்த படங்கள் அத்தனையும் அளக்க உதவாமல் போகும். படகிலிருந்து கிளம்பிய ட்ரோன், படகு அங்கே இல்லை என்பது தெரியாமல் கிளம்பிய புள்ளிக்கே திரும்பிப்போய் அமைதியாகக் கடலில் இறங்கும். இந்த மூன்றுமே தவிர்க்கக்கூடியவை. கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். வரிசை மாறினால்தான் செலவு கூடுகிறது.

1. கேள்வியை முடிவு செய்யுங்கள், ட்ரோனைப் பிறகு வாங்குங்கள்

"கடலுயிர்களைப் பார்க்கப் போகிறோம்" என்பது கேள்வி அல்ல. நீங்கள் செய்யப்போவது எண்ணுவதா, அளப்பதா, நடத்தையைக் கவனிப்பதா, காவல் காப்பதா? நான்குக்கும் கருவி வேறு, பறக்கும் விதம் வேறு.

ஆமை, ஆவுளியா (கடல்பசு), கடல்நாய் ஆகியவற்றை எண்ணுவதற்குச் சீரான உயரமும் நேர்க்கோட்டுப் பாதையும் செங்குத்தாகக் கீழே பார்க்கும் கேமராவும் வேண்டும். திமிங்கலத்தின் நீள அகலத்தை அளந்து அது கொழுத்திருக்கிறதா மெலிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு உயரம் சென்டிமீட்டர் கணக்கில் தெரிய வேண்டும். அதற்குத் தனியாக, லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் ஒரு லைடார் உயரமானி பொருத்த வேண்டும். நடத்தை ஆய்வுக்கு நீண்ட வீடியோ, அதாவது நிறைய பேட்டரி. காவலுக்கு, அதாவது கைவிடப்பட்ட வலைகள், வலையில் சிக்கிய விலங்கு, தடை செய்யப்பட்ட பகுதியில் மீன்பிடிப்பு போன்றவற்றைப் பதிவதற்கு, ஜூம் கேமராவும் நம்பகமான நேரப் பதிவும் முக்கியம்.

ஓஷன் அலையன்ஸ் அமைப்பின் ஸ்நாட்பாட் செய்வதுபோல, திமிங்கலம் மூச்சு விடும்போது எழும் நீர்த்துளிகளைப் பெட்ரி தட்டில் பிடித்து வரும் வேலையும் உண்டு. மரபணுவும் ஹார்மோனும் அதில் கிடைக்கும். ஆனால் விலங்குக்குச் சில மீட்டர் மேலே பறக்க வேண்டிய வேலை அது. முதல் ஆண்டில் தொடாதீர்கள்.

வாங்கும் முன் இன்னொன்று: வெப்பக் கேமரா தண்ணீருக்கு அடியில் எதையும் காட்டாது. சில மில்லிமீட்டர் நீரே அந்தக் கதிர்களை விழுங்கிவிடும். கரையில் படுத்திருக்கும் கடல்நாய்க்கும், திமிங்கலத்தின் மூச்சுக்கும் அது உதவும்; நீந்தும் ஆமைக்கு உதவாது. கலங்கிய நீரில் சாதாரணக் கேமராவும் தோற்கும். உங்கள் இடத்து நீர் எப்போதும் கலங்கலாகவே இருந்தால் ட்ரோன் யோசனையையே கைவிடுவது நல்லது.

2. அனுமதிகள்: ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

பெரும்பாலான நாடுகளில் இது ஒரே அனுமதி அல்ல, நான்கு. விமானப் போக்குவரத்துத் துறையிடம் ட்ரோன் பதிவும் ஓட்டுநர் சான்றிதழும். வனவிலங்குத் துறையிடம், பாதுகாக்கப்பட்ட இனத்தை நெருங்குவதற்கான அனுமதி. இடம் கடல் தேசியப் பூங்காவாகவோ காப்பகமாகவோ இருந்தால் அதன் நிர்வாகத்திடம் தனி அனுமதி. பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ பின்னால் இருந்தால் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். துறைமுகமோ கடற்படைத் தளமோ அருகில் இருந்தால் ஐந்தாவதாக அவர்களும் வருவார்கள்.

நெறிமுறைக் குழுவில் தொடங்குங்கள். வனவிலங்கு விண்ணப்பத்தோடு அந்த ஒப்புதல் கடிதத்தைக் கேட்பது வழக்கம். அது இல்லாமல் போட்ட மனு மேசையிலேயே கிடக்கும். குழு மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோதான் கூடும் என்பதால், ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் மொத்த அட்டவணையும் தள்ளிப்போகும்.

விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியவை: ஒரு பக்கத்தில் ஆய்வுக் கேள்வி, பறக்கும் பகுதியின் வரைபடம், இனவாரியாகக் குறைந்தபட்ச உயரம், ஒரு விலங்கை எத்தனை முறை, எத்தனை நிமிடம் நெருங்குவீர்கள் என்ற கணக்கு, ஓட்டுநரின் பறப்பு மணிப் பதிவு, காப்பீட்டுச் சான்று. இவற்றோடு, எந்த அறிகுறி தெரிந்தால் பறப்பை நிறுத்துவீர்கள் என்ற பட்டியலும் வேண்டும். விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பட்டியல் இல்லாததால்தான்.

மூன்று கண்ணிகள். ஒன்று, பொழுதுபோக்குப் பறப்புக்கான சலுகையை ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்று நினைப்பது; பல நாடுகளில் அது செல்லாது. இரண்டு, அனுமதியில் ஒரே ட்ரோனின் வரிசை எண்ணை மட்டும் எழுதுவது. அது கடலில் விழுந்தால் மாற்று ட்ரோனுக்குப் புதிதாக மனுப் போட வேண்டியிருக்கும். தொடக்கத்திலேயே இரண்டு எண்களையும் இரண்டு ஓட்டுநர் பெயர்களையும் கொடுங்கள். மூன்று, நான்கு அனுமதிகளின் செல்லுபடிக் காலம் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவது. நான்கு தேதிகளையும் ஒரே தாளில் எழுதி, எல்லாம் ஒன்றாகச் செல்லும் நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். சில சமயம் அது மூன்று வாரம்தான் இருக்கும்.

பல நாடுகளில் பொதுவான உச்சவரம்பு 120 மீட்டர். ட்ரோன் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் பரவலான விதி. சிறிய ட்ரோன் கடலின் மேல் 500 மீட்டரிலேயே புள்ளியாகிவிடும். பாதையை அதற்குள் திட்டமிடுங்கள்.

3. செலவு எங்கே போகிறது

ட்ரோன் பெரிய செலவு அல்ல. படகும், படங்களை உட்கார்ந்து பார்க்கும் ஆட்களின் நேரமும்தான் பெரியவை. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் ஆவுளியாக்களைத் தேடிய ஓர் ஆய்வு, ஏழு பறப்புகளில் 6,243 படங்கள் எடுத்தது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்த ஆவுளியாக்கள் 627. படத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலே 104 மணி நேரம். இந்த உழைப்பைத் திட்டச் செலவில் எழுதாமல் விடுபவர்கள் அதிகம்.

விலை உயர்ந்த ஒரு ட்ரோனைவிட நடுத்தர விலையில் ஒரே மாதிரி இரண்டு மேல். பேட்டரி, இறக்கை, ரிமோட் எல்லாம் மாற்றிப் பயன்படுத்தலாம். பெட்டியில் முப்பது நிமிடம் என்று போட்டிருந்தால், காற்றோடு கடலில் உங்களுக்குக் கிடைப்பது 15 முதல் 18 நிமிடம். அரை நாள் வேலைக்கு ஆறு பேட்டரி கொண்டுபோங்கள். காப்பீட்டில் மூன்றாம் நபர் இழப்பீடு கட்டாயம் இருக்கட்டும். ட்ரோனுக்கான காப்பீட்டில் "நீரின் மேல் ஏற்படும் இழப்பு நீங்கலாக" என்ற வரி இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் படியுங்கள். அந்த வரி இருந்தால் அந்தக் காப்பீட்டால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

விமானத்தில் போவதானால் உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணிக்குள் இருப்பவற்றுக்கு பொதுவாகத் தனி ஒப்புதல் தேவையில்லை; 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு மட்டும்.

4. உயரக் கணக்கு

ஒரு பிக்சல் கடற்பரப்பில் எத்தனை மில்லிமீட்டரைக் குறிக்கிறது என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. சென்சாரின் அகலத்தை உயரத்தால் பெருக்கி, அதை லென்ஸின் குவியத் தூரத்தையும் படத்தின் பிக்சல் அகலத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். ஃபேன்டம் 4 ப்ரோ வகை ட்ரோனின் கேமராவில் சென்சார் அகலம் 13.2 மி.மீ., குவியத் தூரம் 8.8 மி.மீ., படம் 5,472 பிக்சல் அகலம். 30 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சலுக்கு 8.2 மி.மீ.; 60 மீட்டரில் 16.4, 120 மீட்டரில் 33. படத்துக்குள் அடங்கும் பரப்பு 30 மீட்டரில் 45க்கு 30 மீட்டர், 60 மீட்டரில் 90க்கு 60.

ஓர் ஆமையை எண்ண 60 மீட்டர் போதும். அளப்பதற்கு 30 மீட்டர்தான் சரி, ஆனால் சிக்கலும் அங்கேதான். ட்ரோன் காட்டும் உயரம் காற்றழுத்தத்திலிருந்து வருவது. ஒரு பறப்புக்குள்ளேயே அது மீட்டர் கணக்கில் விலகும். 30 மீட்டரில் ஒரு மீட்டர் பிழை என்றால் நீளத்தில் 3.3 சதவீதப் பிழை. 12 மீட்டர் திமிங்கலம் 40 சென்டிமீட்டர் நீண்டோ குறுகியோ தெரியும். ஆய்வின் முடிவே அந்த 40 சென்டிமீட்டருக்குள் இருக்கக்கூடும். அதனால்தான் லைடார்.

அதோடு, திரையில் தெரியும் உயரம் கடலிலிருந்து அளந்தது அல்ல, கிளம்பிய இடத்திலிருந்து அளந்தது. படகுத் தளம் நீருக்கு மேல் 2 மீட்டர் என்றால் 2 கூட்டுங்கள். கரையிலிருந்து கிளம்பினால் நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு என்று அன்றன்று குறியுங்கள். ஓதம் ஏறி இறங்கும்போது அந்த எண்ணும் மாறும்.

ஒவ்வொரு நாளும் முதல் பறப்பில், நீளம் சரியாகத் தெரிந்த மிதக்கும் பலகை ஒன்றை 20, 30, 40 மீட்டரிலிருந்து படமெடுங்கள். பலகை நீளமாக இருக்க இருக்க நல்லது. படகின் நீளம் தெரியுமென்றால் அதையும் சேர்த்து எடுங்கள். கணக்கிட்ட நீளமும் உண்மை நீளமும் எவ்வளவு விலகுகின்றன என்பதே அன்றைய உங்கள் பிழை அளவு. பலகையை எந்த வகைக் கோப்பில் எடுத்தீர்களோ அதே வகையில் விலங்கையும் எடுங்கள். வீடியோவில் பல கேமராக்கள் சென்சாரின் ஒரு பகுதியை மட்டுமே பயன்படுத்தும், ஜேபெக் படங்களில் லென்ஸ் வளைவு தானாகத் திருத்தப்படும், சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பில் திருத்தப்படாது. மூன்றையும் கலந்தால் எந்த எண்ணும் எதோடும் ஒட்டாது.

விலங்கு நீர்மட்டத்தில், உடல் நேராக நீண்டு கிடக்கும் நொடியை மட்டும் அளக்கவும். முதுகு வளைந்திருந்தாலும் சற்று மூழ்கியிருந்தாலும் அந்தப் படத்தை ஒதுக்குங்கள்.

5. எந்த நேரத்தில் பறப்பது

நண்பகல் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று நினைத்து உச்சி வெயிலில் பறப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. சூரியன் தலைக்கு மேல் வரும்போது அதன் பளபளப்பு படத்தின் நடுவிலேயே விழும். மேலே சொன்ன கேமரா நடுவிலிருந்து நீளவாக்கில் 37 பாகையும், குறுகிய பக்கத்தில் 27 பாகையும் பார்க்கிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 53 பாகைக்கு மேல் ஏறினால் நீளப்பக்க ஓரத்தில் பளபளப்பு நுழையும். குறுகிய பக்கத்தைச் சூரியனுக்குக் காட்டினால் 63 வரை தாங்கும். பெரும்பாலான ட்ரோன்களில் குறுகிய பக்கம் பறக்கும் திசையில்தான் இருக்கிறது. ஆகவே கோடுகளைச் சூரியனை நோக்கிப் போய், முதுகு காட்டித் திரும்பும்படி வரையுங்கள். அலை இருந்தால் இந்த எல்லை சுருங்கும், ஏனெனில் நீர்ப்பரப்பு 5 பாகை சாய்ந்தால் பிரதிபலிப்பு 10 பாகை நகரும். சூரியன் 20 முதல் 45 பாகைக்குள் இருக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம்.

பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். செங்குத்திலிருந்து ஏறக்குறைய 53 பாகை சாய்வில் பார்க்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். நேர் கீழே பார்க்கும் கேமராவில் அதன் பயன் சொற்பம். வெளிச்சத்தை மட்டும் குறைக்கும்.

காற்று: காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபர்ட் அளவில் 2 வரை சுகம், 3இல் வெள்ளை நுரை தலைகாட்டும். நுரைக்கும் ஓங்கிலின் (டால்பின்) முதுகுக்கும் வித்தியாசம் தெரியாத படங்களை எண்ணுவதில் அர்த்தமில்லை. அலை அளவு, பளபளப்பு, நீரின் தெளிவு மூன்றையும் ஒவ்வொரு பறப்புக்கும் எழுதி வையுங்கள்.

6. பாதையும் படங்களும்

60 மீட்டர் உயரம், நொடிக்கு 8 மீட்டர் வேகம், 5 நொடிக்கு ஒரு படம் என்றால் அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும். எண்ணுவதற்கு அது போதும். ஷட்டர் 1/1000 நொடி இருந்தால் அசைவு மங்கல் அரைப் பிக்சல். 1/200 என்றால் இரண்டரைப் பிக்சல், ஆமையின் ஓர விளிம்பு கரைந்துவிடும்.

எல்லாப் படங்களையும் ஒட்டி ஒரே வரைபடமாக்கும் மென்பொருளைத் திறந்த கடலில் நம்பாதீர்கள். ஒட்டுவதற்கு அசையாத அடையாளங்கள் தேவை. அலைகள் அசைகின்றன, விலங்கும் அசைகிறது. ஒரே ஆமை இரண்டாகத் தெரியும், அல்லது காணாமல் போகும். கடற்கரைக்கும் பாறைத் திட்டுக்கும் அந்த முறை சரி, அடுத்தடுத்த படங்கள் 75 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுத்தால். கடலுக்குத் தனித்தனிப் படங்களாகவே எண்ணுங்கள்.

எண்ணி முடித்த தொகை விலங்குகளின் மொத்தத் தொகை அல்ல. படமெடுத்த நொடியில் மூழ்கியிருந்தவை கணக்கில் வரவில்லை. ஆஸ்திரேலியாவின் ரெய்ன் தீவில் இதற்கு நல்ல வழி கண்டார்கள்: முட்டையிட வந்த பச்சை ஆமைகளின் ஓட்டில் நச்சில்லாத வெள்ளைச் சாயக் கோடு போட்டு, பிறகு ட்ரோன் படங்களில் கோடுள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்ற விகிதத்திலிருந்து மொத்தத்தைக் கணித்தார்கள். உங்கள் இனத்துக்கு இப்படி ஒரு திருத்தம் என்ன என்பதைப் பறக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

7. படகிலிருந்து ஏற்றுவது, இறக்குவது

ட்ரோன்கள் தொலைவது பெரும்பாலும் இங்கேதான். கரையில் குறைந்தது இருபது முறை கையில் பிடித்து இறக்கிப் பழகாமல் படகேறாதீர்கள்.

கிளம்பும் முன்: இரும்புத் தளத்திலிருந்து ஏற்றினால் திசைகாட்டி குழம்பும், ஆளின் கையில், தலைக்கு மேல் பிடித்தே ஏற்றுங்கள். ஆடும் தளத்தில் வைத்து ட்ரோனை இயக்கினால் அதன் உள் உணரிகள் தயாராக மறுக்கும். படகின் இயந்திரத்தை நியூட்ரலில் வைத்து, ட்ரோனைக் கையில் அசையாமல் பிடித்து இயக்குங்கள். திசைகாட்டி, உணரிகளின் அளவுத்திருத்தத்தை முந்தைய நாள் கரையிலேயே முடித்துவிடுங்கள்.

'ஹோம்' புள்ளி: தொடர்பு அறுந்தால் ட்ரோன் திரும்புவது கிளம்பிய இடத்துக்கு. அதற்குள் படகு நகர்ந்திருக்கும். ரிமோட் இருக்கும் இடத்தையே ஹோமாகக் கொள்ளும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் சில நிமிடத்துக்கு ஒருமுறை கையால் புதுப்பிக்க ஒருவரை நியமியுங்கள். தொடர்பு அறுந்தால் திரும்பாமல் அங்கேயே நிற்கும்படி அமைப்பதும் நல்ல வழி; படகு அதனிடம் போய்விடலாம். திரும்பும் உயரம் பாய்மரத்துக்கும் ஆன்டெனாவுக்கும் மேலே இருக்கட்டும்.

காற்று: முதலில் எதிர்க்காற்றில் போங்கள். மாற்றிச் செய்தால், நொடிக்கு 10 மீட்டர் வேகமுள்ள ட்ரோன் நொடிக்கு 5 மீட்டர் காற்றோடு ஒரு கிலோமீட்டர் போக 67 நொடி. அதே தூரம் எதிர்க்காற்றில் திரும்ப 200 நொடி. போகும்போது பேட்டரி தாராளமாகத் தெரிவதுதான் ஏமாற்று. 40 சதவீதத்தில் திரும்புங்கள், 30இல் படகின் மேல் இருங்கள். மீதி, பிடிக்கத் தவறும் இரண்டு முயற்சிகளுக்கு.

பிடிப்பது: பிடிப்பவருக்கு வெட்டுத் தாங்கும் கையுறை, கண்ணாடி, தலைக்கவசம். ட்ரோன் காற்று போகும் பக்கத்திலிருந்து படகை நெருங்கட்டும். விசை நின்றாலும் காற்று அதைப் படகிலிருந்து விலக்கித் தள்ளும். தடை தவிர்க்கும் உணரிகளை அதற்கு முன் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கை நெருங்க நெருங்க ட்ரோன் மேலே ஏறி ஓடும். பெரிய அலையில் படகு எழும்பும், ட்ரோன் எழும்பாது. இரண்டு அலைகளுக்கு இடையிலான அமைதிக்குக் காத்திருங்கள். பிடித்தவர் "பிடித்தாயிற்று" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே ஓட்டுநர் விசையை நிறுத்த வேண்டும்.

கீழ்நோக்கிய உணரிகளை நம்பி நீருக்கு ஒட்டிப் பறக்காதீர்கள். அலையை அவை நகரும் தரையாக எண்ணிக்கொள்ளும்; ட்ரோன் அலையோடு இழுபடும்.

8. விலங்கின் அருகில்

காற்றில் எழும் ஒலியில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். செங்குத்திலிருந்து 13 பாகைக்குள் வருவது மட்டுமே உள்ளே போகும். ஆகவே நீருக்குள் இருக்கும் விலங்குக்கு ட்ரோன் ஓரளவு அமைதியானது. கரையில் இருப்பவற்றுக்கு அப்படியில்லை. கடல்நாய்க் கூட்டம் மிரண்டு நீருக்குள் ஓடினால் குட்டிகள் நசுங்கும். கலிபோர்னியாவின் பொல்சா சிகாவில் 2021 மே மாதம் ஒரு ட்ரோன் கூட்டிடத்தில் விழுந்ததும் சுமார் 3,000 ஆலாப் பறவைகள் முட்டைகளை விட்டுப் பறந்துபோயின. பறவைக் குடியிருப்புக்கு மேலே பறக்க வேண்டிய கட்டாயம் இல்லையென்றால் பறக்கவே வேண்டாம்.

விலங்கிலிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளிக் கிளம்பி, உயரமாகவே நெருங்கி, பிறகு சிறிது சிறிதாக இறங்குங்கள். நேர் மேலிருந்து விழுவதுபோல் இறங்குவது பறவைகளை மிக அதிகமாக மிரட்டும். திமிங்கலம் வாலால் அறைந்தால், திடீரென்று மூழ்கினால், திசை மாறினால் ஏறி விலகுங்கள். கடல்நாய் தலையைத் தூக்கினால் அங்கேயே நிறுத்துங்கள். நகரத் தொடங்கினால் பறப்பு முடிந்தது. கடற்காகம் ட்ரோனைத் தாக்க வந்தால் விரைவாக மேலே ஏறுங்கள், அவை மேலிருந்துதான் பாயும்.

9. கரை திரும்பியதும்

உப்பு காய்வதற்குள் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடையுங்கள். மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் அடுத்த பறப்பு வேண்டாம். பெட்டியில் சிலிகா ஜெல். கடல்நீரில் நனைந்த பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள், உலர்ந்ததுபோல் தெரிந்தாலும். திறந்தவெளியில், எரியும் பொருள் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, அகற்றும் மையத்தில் ஒப்படையுங்கள். நல்ல பேட்டரிகளைப் பாதி சார்ஜில் வையுங்கள்.

10. கோப்புகள்

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே வீடியோ ஒரு மணிக்கு 45 ஜிபி தின்னும். அன்றே இரண்டு வட்டுகளில் நகலெடுங்கள். இரண்டும் ஒரே பையில் பயணிக்க வேண்டாம். நாள் தொடக்கத்தில் ஜிபிஎஸ் நேரம் தெரியும் திரையை ட்ரோன் கேமராவால் ஒரு படம் எடுத்துவிட்டால், பிறகு எல்லாக் கடிகாரங்களையும் அதோடு ஒத்துப் பார்க்கலாம்.

சட்டவிரோத மீன்பிடிப்பைப் பதிந்திருந்தால் மூலக் கோப்பைத் திறந்து வெட்டவோ வெளிச்சம் கூட்டவோ கூடாது. எடுத்தவுடன் அதன் ஹாஷ் எண்ணை (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) கணக்கிட்டு எழுதி, நினைவட்டையை உறையில் போட்டு ஒட்டி, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தேதியோடு குறித்து அதிகாரிகளிடம் கொடுங்கள். அந்தப் படகைத் துரத்துவதும், ஆட்களின் தலைக்கு மேல் பறப்பதும் உங்கள் அனுமதியையே பறித்துவிடும்.

எதுவும் தென்படாத பறப்பையும் அதே படிவத்தில் அதே கவனத்தோடு நிரப்புங்கள். அந்தப் பூஜ்யங்கள் இல்லாமல் அடர்த்தி கணக்கிட முடியாது. படங்களை வெளியில் பகிரும் முன் படக் கோப்புக்குள் பதிவாகும் எக்சிஃப் தகவலில் உள்ள இருப்பிடத்தை அழித்துவிடுங்கள், குறிப்பாக முட்டையிடும் கரையும் ஆவுளியா மேயும் புல்வெளியும் தெரியும் படங்களில்.